வரிச்சலுகை ஒதுக்கீடா, கூட்டுக் காப்பீட்டுப் பங்கீடா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பெற்றோரும் வளர்ந்த பிள்ளையும் ஒரே மருத்துவக் காப்பீட்டில் இருந்துகொண்டு வரிக் கணக்கை மட்டும் தனித்தனியே தாக்கல் செய்யும்போது செய்யவேண்டிய பிரிப்புக்கு, 'வரிச்சலுகை ஒதுக்கீடு' என்ற சொல்லை நம் குழுவின் ஐயா ஒருவர் நாம் தொகுக்கும் அகராதிக்காக முன்மொழிந்திருக்கிறார். சொல்லின் இரு பாதிகளும் பொருளைத் தவறவிடுகின்றன என்று கருதுகிறேன். பொருள் பிடிபட்டால்தான் சொல் அமையும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், பிள்ளைக்கு 26 வயது ஆகும்வரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்க இடம் தருகிறது. வரிச் சட்டமோ, பிள்ளையைப் பெற்றோரைச் சார்ந்தவராகக் கொள்வதற்குப் பொதுவாக 19 வயதையும், முழுநேர மாணவராயின் 24 வயதையும் வரம்பாக வைத்திருக்கிறது. ஆகவே, 24 வயதில் வேலைக்குச் சென்றுவிட்ட மகன் காப்பீட்டில் பெற்றோருடன் இருக்கிறார். வரிக் கணக்கில் தனி ஆள். ஆனால் காப்பீட்டுச் சந்தை (அச்சட்டப்படி மக்கள் காப்பீடு வாங்கும் அரசுத் தளம்) அனுப்பும் 1095-ஏ படிவம் மூவருக்கும் சேர்த்து ஒன்றாகத்தான் வருகிறது. அதில் மாதவாரியாக மூன்று தொகைகள் இருக்கும்: காப்பீட்டின் கட்டணம், அப்பகுதியில் கிடைக்கும் வெள்ளித் தரத் திட்டங்களுள் இரண்டாவது மலிவானதன் கட்டணம், காப்பீட்டு நிறுவனத்துக்கு அரசு முன்கூட்டியே செலுத்திவிட்ட தொகை. இவற்றை 'கட்டணம்', 'அளவுகோல் கட்டணம்', 'முன்வரவு' என்று அழைக்கலாம்.

காப்பீட்டுக் கட்டணத்துக்கென அரசு தரும் 'டாக்ஸ் கிரெடிட்'டை (இதை 'வரவு' என்கிறேன், காரணம் பின்னர்) வரித் தாக்கலின்போது கணக்கிட உதவும் 8962 படிவத்தின் நான்காம் பகுதி பிரித்துக் காட்டச் சொல்வது இந்த மூன்று தொகைகளைத்தான். இறுதியில் கிடைக்கும் வரவை யாரும் பிரிப்பதில்லை. பிரித்த தொகைகளை வைத்துக்கொண்டு, தத்தம் வருமானத்துக்கும் குடும்ப அளவுக்கும் ஏற்ப, அவரவர் வரவை அவரவர் கணக்கிடுகிறார்கள். 'வரிச்சலுகை ஒதுக்கீடு' என்று எழுதிவிட்டால், சலுகை என்ற ஒரே பணம் இரண்டாக வெட்டப்படுகிறது என்றே வாசகர் எண்ணுவார், அது பிழை.

'ஒதுக்கீடு' இன்னும் பெரிய சிக்கல். நிதி ஒதுக்கீடு, இட ஒதுக்கீடு என்று எங்கே பார்த்தாலும், மேலே ஓர் அதிகாரம் இருந்து கீழே உள்ளவருக்கு ஒதுக்குகிறது. இங்கே வரித் துறை எதையும் ஒதுக்குவதில்லை. பூச்சியம் முதல் நூறு வரை எந்த விழுக்காட்டையும் இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். அந்த விழுக்காடு மூன்று தொகைகளுக்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை. உடன்பாடு ஏற்படாவிட்டால் மட்டும் தலைக்கணக்கு வரும்: மூவரில் ஒருவர் மகன், ஆகவே அவருக்கு மூன்றில் ஒரு பங்கு.

இந்த உடன்பாட்டின் எடையை ஒரு கணக்கால் காட்டுகிறேன். 2024ஆம் வரியாண்டில் மூவருக்கும் சேர்த்துக் கட்டணம் 18,000 டாலர், அளவுகோல் கட்டணம் 19,200, முன்வரவு 10,800 என்று கொள்வோம். தலைக்கணக்குப்படி மகனுக்கு வருவன 6,000, 6,400, 3,600. அவருடைய வருமானம் 60,000 டாலர் என்றால், அந்த ஆண்டு விதிப்படி அதில் 8.5 விழுக்காடு, அதாவது 5,100 டாலர், அவரே ஏற்கவேண்டிய பங்கு. 6,400இல் 5,100 போக அவருக்கு உரிய வரவு 1,300தான். முன்வரவாகச் சென்றதோ 3,600. ஆகவே 2,300 டாலரை அவர் திருப்பிச் செலுத்தவேண்டும். மாறாக, மகனுக்குப் பூச்சியம், பெற்றோருக்கு நூறு என்று ஒப்புக்கொண்டால் மகனுடைய கணக்கில் திருப்பிச் செலுத்த எதுவும் இல்லை. முழுத் தொகையும் பெற்றோரின் வருமானத்தை வைத்தே கணக்கிடப்படும். அவர்களுடைய வருமானம் குறைவாக இருந்தால் குடும்பத்துக்கு மொத்தத்தில் ஆயிரக்கணக்கான டாலர் மிஞ்சும். மேலும், 2026ஆம் வரியாண்டு முதல், குறைந்த, நடுத்தர வருமானத்தினர் திருப்பிச் செலுத்தவேண்டிய தொகைக்கு இருந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டிருக்கிறது. பேசி முடிவெடுக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்பதைச் சொல்லே உணர்த்தவேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

அந்த உணர்வு 'பங்கீடு' என்ற சொல்லில் இருக்கிறது. இதே இழையில் ஓர் அம்மையார் 'பாகப்பிரிவினை' என்று சொன்னது தமிழ் மனத்துக்கு நெருக்கமானதுதான்; ஆயினும் அது சொத்துரிமையோடு இறுகிப்போன சொல், பத்திரப்பதிவு அலுவலகத்தை நினைவூட்டும்.

எதைப் பங்கிடுகிறோம் என்பதற்குச் சொல் தேடுவதுதான் கடினம். 'காப்பீட்டுத் தொகை' என்றால் இழப்பீடாகக் கிடைக்கும் பணம் என்று பொருள்படும். 'பொதுக் காப்பீடு' என்பது ஆயுள் காப்பீடு அல்லாத பிற காப்பீடுகளுக்கு ஏற்கெனவே வழங்குகிறது. 'குழுக் காப்பீடு' நிறுவனங்கள் ஊழியர்களுக்கு எடுப்பது. எஞ்சுவது 'கூட்டுக் காப்பீடு'. கூட்டுக் குடும்பம், கூட்டுப் பட்டா என்று பழகிய நமக்கு, ஒன்றில் பலர் உரிமையோடு இருப்பதை அது தடையின்றி உணர்த்துகிறது. ஆண்டின் நடுவில் மணவிலக்குப் பெற்ற கணவன் மனைவிக்கும் இதே பகுதிதான் பொருந்தும் (உடன்பாடு இல்லையேல் அவர்களுக்குப் பாதிப் பாதி); ஆகவே சொல்லில் பெற்றோர், பிள்ளை என்று வராமல் இருப்பதே நல்லது.

'டாக்ஸ் கிரெடிட்' என்பதற்குச் சலுகை, கழிவு, தள்ளுபடி எல்லாவற்றையும் விட்டுவிட்டு 'வரி வரவு' என்றே வைத்துக்கொள்ளலாம். கழிவு வருமானத்திலிருந்து கழிவது. இதுவோ வரியிலிருந்தே கழிவது. 'உள்ளீட்டு வரி வரவு' என்று ஜிஎஸ்டியில் முன்னரே பழகிய தொடரும் துணைக்கு இருக்கிறது.

அகராதிக்கு என் முன்மொழிவு:

கூட்டுக் காப்பீட்டுப் பங்கீடு: ஒரே காப்பீட்டில் உள்ளவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வரிக் குடும்பங்களை (ஒரே வரிக் கணக்கில் இடம்பெறுவோரை) சேர்ந்தவர்களாக இருக்கும்போது, அதன் கட்டணம், அளவுகோல் கட்டணம், முன்வரவு ஆகியவற்றைத் தமக்குள் ஒப்புக்கொண்ட ஒரே விழுக்காட்டிலும், உடன்பாடு இல்லாதபோது விதி வகுத்த விழுக்காட்டிலும் பிரித்துக்கொள்ளுதல்.

இலங்கை வழக்கிலும் கனடாத் தமிழர் பலரிடையேயும் 'காப்புறுதி' என்பதே வழங்குவதால், 'கூட்டுக் காப்புறுதிப் பங்கீடு' என்பதையும் இணைச்சொல்லாகப் பதியவேண்டும். 'வரிக் குடும்பம்' என்பதற்கு வேறு சொல் வைத்திருப்பவர்கள் இதே இழையில் தெரிவிக்க வேண்டுகிறேன்.