நாத்தனார் வைத்துவிட்டுப் போன ஐந்து புட்டிகள்: எதை வைத்துக்கொள்வது, எதைத் திருப்புவது?

செந்தூல்வாசி:
எனக்கு வயது 48, வீட்டுக்காரருக்கு 53. நாத்தனார் நேரடி விற்பனை நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருக்கிறார். போன வாரம் வந்தவர், “நாற்பதைத் தாண்டியவர்களுக்கான தொகுப்பு” என்று ஐந்து புட்டிகளை மேசைமேல் அடுக்கிவிட்டுப் போய்விட்டார். பல விட்டமின் மாத்திரை, கால்சியம், மீன் எண்ணெய், மூட்டுக்குக் குளுக்கோசமைன், மஞ்சள் சாறு கேப்சூல். இருவருக்கும் சேர்த்து மாதம் 460 வெள்ளி (ரிங்கிட்). முழுத் தொகுப்பாக எடுத்தால் தள்ளுபடியாம்.

வீட்டுக்காரர் இனிப்புநீருக்குப் பல வருடமாக மெட்ஃபோர்மின் சாப்பிடுகிறார். இப்போது பாதம் மரத்துப்போகிறது என்று நரம்பு மாத்திரையும் தானாகவே வாங்கிச் சாப்பிடுகிறார். நான் காலையில் தைராய்டு மாத்திரை எடுக்கிறேன். “எல்லாப் புட்டியிலும் எம்.ஏ.எல். பதிவு எண் இருக்கிறது, சுகாதார அமைச்சே ஒப்புக்கொண்ட பொருள், பயப்படாதீர்கள் அண்ணி” என்கிறார் நாத்தனார். இது உண்மையா? வாங்கினால் பணம் போகிறது, வாங்காவிட்டால் உறவு போகிறது.

ஜெலுத்தோங் வாத்தியார்:
ஐந்தையும் திருப்புங்கள். அந்த 460 வெள்ளிக்கு கெம்போங் மீனும் முட்டையும் கீரையும் வாங்கிச் சமைத்தால் உடம்பும் தேறும், மீதியும் இருக்கும்.

அமெரிக்காவில் ‘வைட்டல்’ என்று ஓர் ஆய்வு நடந்தது. 50 வயதான ஆண்கள், 55 வயதான பெண்கள், அதற்கு மேற்பட்டவர்கள் என மொத்தம் 25,871 பேர். தினமும் 2,000 யூனிட் விட்டமின் டி, ஒரு கிராம் மீன் எண்ணெய், அல்லது மருந்தே இல்லாத போலி மாத்திரை என்று பிரித்துக் கொடுத்து ஐந்து ஆண்டுக்கு மேல் பார்த்தார்கள். புற்றுநோயும் குறையவில்லை, மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் மூன்றையும் சேர்த்த கணக்கும் குறையவில்லை. எலும்பு முறிவாவது குறைந்ததா என்று 2022-இல் வந்த அடுத்த அறிக்கையைப் பார்த்தால், அதுவும் இல்லை.

பயனில்லை என்பதோடு போனால் பரவாயில்லை. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. காரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின்தானே, நல்லதுதானே என்று கொடுத்தார்கள். 1994-இல் வந்த முடிவு என்ன தெரியுமா? அதை விழுங்கியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடுதல். காரட் தின்றவன் எவனும் அப்படிச் சாகவில்லை.

பத்துமலை அக்கா:
வாத்தியார் ஐயா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நானும் நேரடி விற்பனையில்தான் இருக்கிறேன். அதை மனத்தில் வைத்தே படியுங்கள்.

நீங்கள் சொன்ன வைட்டல் ஆய்வில் விட்டமின் டி குறைவாக இருப்பவர்களைத் தேடிப் பிடித்துக் கொடுக்கவில்லை. சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரத்தத்தில் ஏற்கனவே போதிய அளவு இருந்தது. வயிறு நிறைந்தவனுக்குப் பந்தி வைத்துவிட்டு, சோற்றால் பசி தீராது என்று எழுதினால் எப்படி ஐயா? அதே ஆய்வில் மீன் குறைவாகச் சாப்பிடுகிறவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது, மீன் எண்ணெய் எடுத்தவர்களுக்கு இருதயப் பாதிப்பு குறைந்திருந்தது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

நம் பெண்களைப் பாருங்கள். விடியுமுன் சமையல், பிறகு கார், குளிர்சாதன அலுவலகம், மாலையில் வணிக வளாகம், வெயில் பட்டால் கறுத்துவிடும் என்று குடை. பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே நமக்கு விட்டமின் டி குறைகிறது. தோல் கறுப்பாக இருந்தால் அதே அளவு டி உண்டாக இன்னும் அதிக வெயில் வேண்டும். கீரை, கெம்போங் மீன் என்று எழுதுவது சுலபம். கோலாலம்பூரில் இரண்டு மணி நேரம் நெரிசலில் வந்து இறங்குகிறவள் ரொட்டிச் சானாயைத்தான் வாங்குவாள்.

சைவக்காரன் (பட்டர்வொர்த்):
ஆய்வுச் சண்டை நடக்கட்டும். அந்தக் கேப்சூலின் தோல் எதனால் ஆனது என்று யாராவது கேட்டீர்களா? ஜெலட்டின் என்றால் மாட்டின் தோலிலிருந்தோ எலும்பிலிருந்தோ வந்திருக்கலாம். ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இல்லை என்று உறுதி. மாடு இல்லை என்று உறுதி இல்லை. வீட்டில் மாட்டிறைச்சியை உள்ளேயே விடாத குடும்பங்கள் மாதம் அறுபது கேப்சூல் விழுங்குகின்றன. குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. விட்டமின் டி3 ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து வருகிறது. தாவரக் கேப்சூலும் கிடைக்கிறது. லேபிளைப் படித்தால் தெரியும். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களும் படிக்க வேண்டிய இடம் அதுதான்.

மருந்தக மேசை:
பாயான் பாருவில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் அலமாரியிலும் இவை எல்லாம் விற்பனைக்கு இருக்கின்றன, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் எம்.ஏ.எல். எண். தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையில் பதிவான பொருளுக்கு அந்த எண் உண்டு, கடைசியில் ஓர் எழுத்தும் உண்டு. ‘என்’ என்றால் சத்து மாத்திரை வகை, ‘டி’ (T) என்றால் பாரம்பரிய மருந்து, ‘எக்ஸ்’ என்றால் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கும் மருந்து, ‘ஏ’ என்றால் கட்டுப்பாட்டுக்குரிய மருந்து. முகமையின் இணையத்தளத்தில் எண்ணைத் தட்டிப் பாருங்கள். வருகிற பெயரும் புட்டியின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணைத் திருடி வேறு பொருளில் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பதிவில்லாத இளைப்பு மாத்திரையில் சிபுத்ராமின் என்ற பசியடக்கும் மருந்தும், ஆண்மைக் காப்பியில் சில்டனாஃபில் வகை மருந்தும், மூட்டுவலி மருந்தில் ஸ்டீராய்டும் கலந்து பிடிபடுவது இங்கே புதிதில்லை.

ஆனால் பதிவு எண் சொல்வது, முதன்மையாக, தரமும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டன என்பதை. செந்தூல் அக்காவுக்கு இது தேவை என்று அமைச்சு ஒருபோதும் சொல்லவில்லை. பாதுகாப்பு என்பதும், தனியாக, சொன்ன அளவில் சாப்பிட்டால் என்ற கணக்குதான். மற்ற மருந்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பது வேறு கதை. உங்கள் வீட்டில் கதை அங்கேதான் இருக்கிறது.

அக்கா, கால்சியத்தையும் தைராய்டு மாத்திரையையும் சேர்த்து எடுத்தால் தைராய்டு மருந்து சரியாக உடம்பில் சேராது. இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம் விடுங்கள். இரும்புச் சத்துக்கும் இதே விதி. உங்கள் பல விட்டமின் மாத்திரையில் இரண்டும் இருக்கலாம். காலையில் எல்லாவற்றையும் ஒரு கையில் கொட்டிக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்குகிறவர்கள், “மருந்து சாப்பிட்டும் தைராய்டு அளவு சரியாகவில்லை” என்று வந்து நிற்பார்கள்.

அடுத்து உங்கள் வீட்டுக்காரர். மெட்ஃபோர்மினை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். பி12 குறைந்தாலும் பாதம் மரத்துப்போகும், இனிப்புநீர் முற்றினாலும் மரத்துப்போகும். எது என்று இரத்தச் சோதனை செய்யாமல் தெரியாது. அதைச் செய்யாமல் நரம்பு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறார். அந்த மாத்திரைகள் பலவற்றில் பி6 மிக அதிக அளவில் இருக்கிறது. பி6-ஐ அதிகமாக நீண்டகாலம் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுத்து மரத்துப்போகச் செய்யும். அதன்மேல் தொகுப்பில் வரும் பல விட்டமினிலும் பி6. மரத்துப்போகிறது என்று மாத்திரை, மாத்திரையால் மேலும் மரத்துப்போதல். நாத்தனாரின் ஐந்து புட்டிகளைவிட எனக்குக் கவலை தருவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய இந்த ஆறாவது புட்டிதான்.

ஜெலுத்தோங் வாத்தியார்:
ஆக, தேவையில்லாததைத் தின்று கெடுகிறோம் என்று நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். குளுக்கோசமைனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? 2006-இல் அமெரிக்காவில் முட்டித் தேய்மானம் உள்ள 1,583 பேரிடம் பார்த்தார்கள். மொத்தத்தில் போலி மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை.

பத்துமலை அக்கா:
மொத்தத்தில் என்ற சொல்லை எவ்வளவு சாமர்த்தியமாகப் போடுகிறீர்கள் ஐயா. வலி கடுமையாக இருந்தவர்களுக்குக் குளுக்கோசமைனோடு கோண்ட்ராய்ட்டின் என்ற இன்னொரு மூட்டுச் சத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது நிவாரணம் தெரிந்தது. அதுவும் அதே ஆய்வுதான். பல விட்டமினைப் பற்றியும் கேளுங்கள்: ‘காஸ்மோஸ்’ ஆய்வில் 60 வயதைத் தாண்டியவர்களுக்குத் தினமும் கொடுத்ததில் நினைவாற்றலில் நன்மை தெரிந்தது.

மருந்தக மேசை:
இருவரும் ஒரே தாளின் பாதியைக் கிழித்துக் காட்டுகிறீர்கள். கடும் வலி இருந்தவர்கள் அந்த ஆய்வில் சிறு பிரிவு. அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். குளுக்கோசமைன் வேண்டுமென்றால் மூன்று மாதம் எடுத்துப் பாருங்கள். மாடிப்படி ஏறுவது சுலபமாகவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், ஆயுள் சந்தா கட்டாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. காஸ்மோஸில் தெரிந்த நன்மை சிறியது, செந்தூல் அக்காவுக்கு 60 ஆகவும் இல்லை.

மஞ்சள் கேப்சூல்தான் நான் முதலில் திருப்பச் சொல்வது. குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றிப் பேசவில்லை. செறிவூட்டிய சாறு, அதிலும் நன்றாக உடம்பில் சேரட்டும் என்று மிளகுச் சாறு கலந்தது. கல்லீரல் பாதிப்பு பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது; ஆஸ்திரேலிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2023-இல் எச்சரிக்கையே விட்டது. இயற்கைப் பொருள் என்ற ஒரே நம்பிக்கையில் மருத்துவரிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையும் இப்படித்தான்: அதில் இருக்கும் மோனகோலின் கே என்பதும் லோவாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையும் ஒன்றே. கிளினிக்கில் கொடுத்த ஸ்டாட்டினோடு அதையும் எடுப்பவர்கள் ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிடுகிறார்கள்.

கால்சியத்துக்கு முதலில் சமையலறையைக் கணக்கெடுங்கள். 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் என்பது பொதுவான அளவு, அதற்கு முன்பு 1,000. கேழ்வரகு நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. முள்ளோடு தின்னும் நெத்திலி, தயிர், எள் எல்லாம் நல்லவை. பசலைக்கீரையில் இருந்தாலும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஆக்சலேட் காரணமாக உடம்புக்கு அதிகம் கிடைக்காது. குறைகிற அளவுக்கு மட்டும் மாத்திரை, ஒரு வேளைக்கு 500-க்கு மேல் வேண்டாம். கால்சியம் கார்பனேட் வகை என்றால் சாப்பாட்டோடு.

விட்டமின் டி-யில் நான் பத்துமலை அக்கா பக்கம். ஆனால் இரத்தத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மருத்துவர் சொன்னாலொழிய தினம் 4,000 யூனிட்டைத் தாண்டாதீர்கள். பல விட்டமினிலும் கால்சியத்திலும் ஒளிந்திருக்கும் டி-யையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சைவக்காரன் (பட்டர்வொர்த்):
இரும்புச் சத்து? என் அக்கா களைப்பு என்றாலே அதைத்தான் வாங்குகிறார்.

மருந்தக மேசை:
மாதவிலக்கு அதிகமாகப் போகிறவர்களுக்குத் தேவைப்படலாம். நின்றுபோன பிறகு காரணமில்லாமல் எடுக்கக் கூடாது; அப்போது இரும்பு குறைந்தால் எங்கே இரத்தம் கசிகிறது என்றுதான் முதலில் தேட வேண்டும். இன்னொன்று, மலேசியாவில் தலசீமியா தாங்கிகள், அதாவது அந்தப் பரம்பரை இரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்கள், நிறையப் பேர். அவர்களின் இரத்த அறிக்கை இரும்புக் குறை போலவே தோன்றும், ஆனால் இரும்பு குறைந்திருக்காது. உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் வாத்தியார்:
நாத்தனார்களுக்கும் ஒரு சேதி. 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டப்படி நீரிழிவு, இருதய நோய், புற்றுநோய், சிறுநீரக நோய் ஆகியவற்றைத் தீர்க்கும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது. புலன (வாட்ஸ்அப்) குழுவில் அனுப்பும் படங்களில் பாதி இதில் மாட்டும்.

பத்துமலை அக்கா:
அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. என் குழுவில் “இனிப்புநீர் பறந்துபோகும்” என்று படம் போட்டவரை நானே வெளியேற்றினேன். மெட்ஃபோர்மினை நிறுத்திவிட்டு எங்கள் பொருளைச் சாப்பிடச் சொல்கிறவர் விற்பனையாளரே இல்லை. அதற்காக எல்லா மாத்திரையும் ஏமாற்று என்று எழுதுவதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் ஊர் மருந்தகமே சைவக்காரர்களுக்கு பி12 விற்கிறது.

ஜெலுத்தோங் வாத்தியார்:
சுத்த சைவத்துக்கு பி12 வேண்டும், அதை மறுக்கவில்லை. அதற்கு ஐந்து புட்டி எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

செந்தூல்வாசி:
அனைவருக்கும் நன்றி. மஞ்சளும் குளுக்கோசமைனும் திரும்பிப் போகின்றன. எங்கள் இருவருக்கும் முட்டி வலியே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. வாரம் மூன்று நாள் மீன் சமைக்கிறேன், அதனால் மீன் எண்ணெயும் வேண்டாம். பல விட்டமினின் லேபிளைப் படித்தேன்: இரும்பு, கால்சியம், பி6 மூன்றும் இருக்கின்றன. அதுவும் போகட்டும். கால்சியத்தை டி சோதனை முடியும் வரை திறக்கப் போவதில்லை. வீட்டுக்காரருக்கு அடுத்த வாரம் அரசாங்கக் கிளினிக்கில் இனிப்புநீர்ப் பரிசோதனை இருக்கிறது. பி12 பற்றிக் கேட்கவும், நரம்பு மாத்திரைப் புட்டியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டவும் சொல்லிவிட்டேன். நாத்தனாரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.

பத்துமலை அக்கா:
தைராய்டு மருந்தோடு ஒத்துவராது என்று மருந்தகத்தில் சொன்னார்கள் என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை. பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் ரசீதைப் பாருங்கள்; 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டத்தில் மனம் மாறினால் திருப்பித் தரக் கால அவகாசம் உண்டு. முத்திரை உடைக்காத புட்டியாக இருக்கட்டும். சீக்கிரம் செய்யுங்கள், மாதக் கணக்கு முடிந்துவிட்டால் உங்கள் நாத்தனாருக்கும் தலைவலி.