வெந்நீரைத் தாங்கும் பிளாஸ்டிக்: மோல்டிங் அனுபவம் உள்ளவர்களின் உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மதுரை கப்பலூரில் சிறிய இன்ஜெக்‌ஷன் மோல்டிங் (உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தி வார்க்கும்) பட்டறை நடத்தி வருகிறேன். வெந்நீர் பம்புக்கான இம்பெல்லரை (சுழன்று நீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரத்தை), 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலான் 66-இல் செய்து கொடுத்தோம். அந்த நைலான் ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸில்தான் உருகும் என்பதால், 90 டிகிரி நீர் அதை ஒன்றும் செய்யாது என்று நம்பியிருந்தேன். சில மாதங்களிலேயே திரும்பி வந்த இம்பெல்லர்களின் இதழ்கள் வெளுத்து, ஓரங்களில் இழைகள் துருத்திக்கொண்டு, நகத்தால் கீறினாலே பொடியாக உதிர்ந்தன. சூட்டை மட்டும் குறை சொல்வதற்கில்லை. சூடான நீர் நைலான் மூலக்கூறுச் சங்கிலியைக் கோத்திருக்கும் அமைடு பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடுகிறது.

பென்சீன் வளையமும் கந்தக அணுவும் மாறி மாறிக் கோத்த பாலிஃபினைலீன் சல்ஃபைடில் நீர் அறுக்கக்கூடிய அத்தகைய பிணைப்பு இல்லாததால், 40 சதவீதம் கண்ணாடி இழை கலந்த அந்த ரகத்துக்கு மாற விரும்புகிறேன். (பீக் என்ற பிளாஸ்டிக் இன்னும் உறுதியானதுதான், அதன் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது.) ஆனால் டையை (வார்க்கும் அச்சை) 130 டிகிரிக்கு மேல் வைத்திருந்தால்தான் பாலிஃபினைலீன் சல்ஃபைடு நன்றாகப் படிகமாகும், அதாவது அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுங்கும்; குளிர்ந்த டையில் வார்த்த பொருள், பின்னர் சூடுபடும்போது படிகமாகிச் சுருங்கி, அளவு மாறிவிடும். எங்களிடமோ 90 டிகிரி வரை செல்லும் நீர்ச்சுற்று மட்டுமே உள்ளது.

இதை வார்த்துப் பழகியவர்கள், டையைச் சூடாக்க ஆயில் சுற்று நல்லதா, டைக்குள் செருகும் மின்சூடாக்கியான கார்ட்ரிட்ஜ் ஹீட்டரே போதுமா என்றும், இழையின் உராய்வைத் தாங்க டைக்கு எந்த எஃகு சரியாக வரும் என்றும் சொல்லுங்கள். சோதனைக்கு ஒரே ஒரு மூட்டை தரக்கூடிய வியாபாரி மதுரை, விருதுநகர் பக்கம் இருந்தால் தெரிவியுங்கள். உடைந்த இம்பெல்லரையும் டை வரைபடத்தையும் நேரில் கொண்டுவந்து காட்டத் தயாராக இருக்கிறேன்.