மாப்பிள்ளைக்கு வாட்ச்: முப்பது வருடம் ஓடக்கூடியது எது?

தங்கையின் அண்ணன், கரூர்

வணக்கம். வருகிற தை மாதம் தங்கைக்குத் திருமணம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை கையில் வாட்ச் கட்டிவிடுவது மைத்துனன் பொறுப்பு. அதற்காக 30,000 ரூபாய் வரை எடுத்து வைத்திருக்கிறேன்.

எங்கள் உறவில் கல்யாண வாட்ச்களின் கதையெல்லாம் ஒன்றுதான். ஆல்பத்தில் பளபளவென்று தெரியும், முதல் பேட்டரி தீர்ந்ததும் பீரோவுக்குள் போய்விடும். இந்த வாட்ச் அப்படிப் போகக் கூடாது. மாப்பிள்ளை ஓய்வு பெறும்வரை கட்டி, பிறகு பிள்ளைக்குக் கொடுக்கும்படி இருக்க வேண்டும். அவர் ஈரோடு பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பொறியாளர். தினமும் பைக்கில் போய்வருகிறார்.

சாவி கொடுப்பது, கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக், பேட்டரி, சோலார் என்று கடையில் நான்கு வகை காட்டினார்கள். நான்கையும் ஒரே மாதிரிப் புகழ்ந்தார்கள். போதாக்குறைக்கு, மங்கல காரியம் என்பதால் தங்க நிறத்தில்தான் வாங்க வேண்டும் என்கிறார் அம்மா. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வளைகுடாவாசி

சகோதரரே, சோலார் வாங்கிக் கொடுங்கள். நான் கட்டியிருப்பது சிட்டிசன் ஈகோ-டிரைவ். டயல் வழியாக வெளிச்சம் போய் உள்ளே இருக்கும் செல் சார்ஜ் ஆகிவிடும். சாவியும் வேண்டாம், பேட்டரி மாற்றவும் வேண்டாம், மாதத்துக்குச் சில விநாடிகள்தான் முன்பின் போகும். ஆட்டோமேட்டிக் என்பது ஆசைக்கு வாங்குவது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை சர்வீஸ் செலவு, தினமும் சில விநாடிகள் வித்தியாசம், கழற்றி வைத்தால் இரண்டு நாளில் நின்றுபோகும். வேலைக்குப் போகிற மனிதருக்கு அந்த வம்பு எதற்கு?

தெப்பக்குளம் வாட்ச்காரர், திருச்சி

தம்பி, நான் வாட்ச் பழுது பார்க்கிறவன். என் அப்பாவும் இதே தொழில். முப்பது வருடம் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் விரிவாகவே பதில் சொல்லத் தோன்றியது.

பெயரையும் விலையையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, இருபது வருடம் கழித்து இதற்கு உதிரிப் பாகம் கிடைக்குமா என்று பாருங்கள். என்னால் சரிசெய்ய முடியாமல் திருப்பிக் கொடுக்கிற வாட்ச்கள் பெரும்பாலும் பெரிய கோளாறு எதுவும் இல்லாதவை. ஒரு சின்னப் பல்சக்கரமோ ஒரு காயிலோ வேண்டியிருக்கும். அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்துகிற பாகமாக இருக்கும், தயாரித்தவர்களும் அதை நிறுத்தியிருப்பார்கள். அதனால் வெளியே என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதைவிட, உள்ளே எந்த மெஷின் இருக்கிறது என்று கேட்டு வாங்குவதுதான் முக்கியம்.

உங்கள் தொகைக்கு ஆட்டோமேட்டிக் என்றால் இரண்டு மெஷின்களைத் துணிந்து சொல்வேன். ஒன்று, சீகோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசையில் வருகிற 4ஆர்36. அதே மெஷினை என்எச்36 என்ற பெயரில் மற்ற கம்பெனிகளுக்கும் சீகோ விற்கிறது. எத்தனையோ பிராண்டுகளின் வாட்ச்களைத் திறந்தால் உள்ளே இதுதான் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, சிட்டிசன் குடும்பத்தின் மியோட்டா 82 வரிசை. 1970களிலிருந்து பெரிதாக மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. இவை இரண்டும் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் ஓடுவதால் பாகத்துக்குப் பஞ்சமில்லை. சர்வீஸ் செய்ய ஆளில்லாத ஊர் என்றாலும் முழு மெஷினையே வாங்கி மாற்றிவிடலாம். கேஸ், டயல், முள் எல்லாம் பழையதே இருக்கும், நீங்கள் கட்டிவிட்ட வாட்ச் அதேதான்.

இதற்கு நேரெதிராகவும் உண்டு. 2013இல் ஸ்வாட்ச் கொண்டுவந்த சிஸ்டம்51 ஆட்டோமேட்டிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 51 பாகங்களை வைத்து இயந்திரமே கோத்து மூடிவிடும் புத்திசாலித்தனமான வேலைப்பாடு. ஆனால் கழற்றிச் சர்வீஸ் செய்வதற்காக அமைத்ததல்ல. உங்கள் நோக்கத்துக்கு அது பொருந்தாது.

அடுத்தது எண்ணெய். நான் சொன்ன மெஷின்களில், முன்னும் பின்னுமாக ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீல் மணிக்கு 21,600 முறை அசையும். நாளைக்கு 5,18,400, வருடத்துக்கு ஏறக்குறைய 18.9 கோடி. அந்தச் சக்கரத்தின் அச்சு முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அது ஒரு சிவப்புக் கல்லின் துளைக்குள் சுழல்கிறது, இடையில் ஊசி முனையளவு எண்ணெய். சர்வீஸ் பார்க்காமல் பல வருடம் ஓடிய வாட்ச்சைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தக் கல்லைச் சுற்றிப் பழுப்பாக ஒரு பிசின் வளையம் தெரியும். எண்ணெய் காய்ந்ததன் அடையாளம் அது. அதற்குப் பிறகும் ஓடினால் இரும்பும் கல்லும் உரசி, அச்சில் வளையமாகப் பள்ளம் விழும். கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் ரோட்டர் இருக்கும் இடத்தில் தேய்ந்த உலோகத் தூள் எண்ணெயோடு கலந்து கறுப்பு மையாக நிற்கும். வாட்ச் இந்த நிலையிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். "நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்குச் சர்வீஸ்?" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கறுப்பு மையைத்தான் காட்டுவேன். நின்ற பிறகு கொண்டுவந்தால் பாகத்துக்கும் செலவு, நிற்பதற்கு முன்பே கொண்டுவந்தால் கழுவி எண்ணெய் போடுவதோடு முடிந்துவிடும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, தள்ளிப்போனாலும் ஏழுக்குள். திடீரென்று நேரம் பிந்த ஆரம்பித்தாலோ, இரவு கழற்றி வைத்தது விடிவதற்குள் நின்றாலோ அதற்கும் முன்பே போக வேண்டும்.

வளைகுடா நண்பர் சொன்னதை நான் மறுக்கவில்லை. சர்வீஸுக்கே போகமாட்டேன் என்கிறவருக்குச் சோலார்தான் நல்லது. ஆனால் அதிலும் சார்ஜ் ஏற்றும் செல் ஒரு நாள் தளரும். அதற்கென்று உள்ள செல்லைத்தான் போட வேண்டும், சாதாரண பேட்டரியைத் திணிக்கக் கூடாது. பேட்டரி வாட்ச் வாங்கினாலும் இதே கவனம் வேண்டும். மாற்றும்போது பேட்டரியின் முதுகைப் படியுங்கள். எஸ்ஆர் என்று தொடங்கினால் சில்வர் ஆக்சைடு, அதுதான் சரி. எல்ஆர் அல்லது ஏஜி என்றால் ஆல்கலைன். விலை குறைவு, ஆனால் கசியும் வாய்ப்பு அதிகம். விநாடி முள் இரண்டு இரண்டு விநாடியாகத் தாவினால் பேட்டரி தீரப்போகிறது என்று பல வாட்ச்கள் சொல்கின்றன. உடனே மாற்றிவிட வேண்டும். தீர்ந்த பேட்டரியோடு பீரோவில் கிடந்த வாட்ச்சைத் திறந்தால் சர்க்யூட்டின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். உங்கள் உறவினர் வீட்டு பீரோக்களில் இப்போதும் வாட்ச்கள் இருந்தால் இன்றைக்கே பேட்டரியைக் கழற்றி எடுக்கச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளையின் வேலையையும் யோசிக்க வேண்டும். நூற்பாலையில் பெரிய பெரிய மோட்டார்கள் இருக்கும். காந்தப் புலத்துக்குள் போனால் பேலன்ஸ் வீலை ஆட்டும் மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் நாளைக்குப் பல நிமிடம் முந்தும். பயப்பட வேண்டாம், காந்தம் எடுக்கும் கருவியில் வைத்தால் சில நொடி வேலைதான். கிரைண்டர், சுத்தியல் பிடிக்கும்போதும் சுழலும் இயந்திரத்தின் அருகே போகும்போதும் கழற்றிப் பையில் வைத்துவிடட்டும். இது வாட்ச்சைவிடக் கைக்கு முக்கியம்.

கண்ணாடி சஃபையராக இருந்தால் நல்லது. சுவரிலும் தெருப்புழுதியிலும் இருக்கிற மணலின் கடினம் மோஸ் அளவில் 7. சாதாரண மினரல் கண்ணாடி அதற்குக் கீழே, சஃபையர் 9. சீகோ 5இல் வருவது ஹார்ட்லெக்ஸ் என்ற மினரல் கண்ணாடி, நாளடைவில் கீறல் விழும். ஆனால் மாற்றுவது சுலபம், ஆகவே அதற்காக அதை ஒதுக்க வேண்டாம்.

கோவை வாசகி

என் தாத்தாவின் எச்எம்டி ஜனதாவை நான் கட்டியிருக்கிறேன். காலையில் எழுந்ததும் சாவி கொடுப்பேன், மறுநாள் காலைவரை ஓடுகிறது. இவ்வளவு பணம் போட்டுப் புதிதாக வாங்குவதற்குப் பதில் நல்ல பழைய எச்எம்டி ஒன்று வாங்கலாமே? இணையத்தில் நீலம், பச்சை, சிவப்பு என்று எல்லா நிறத்திலும் மலிவாக வருகின்றன.

தங்கையின் அண்ணன், கரூர்

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. 4ஆர்36 என்று குறித்துக்கொண்டேன். மூன்று சந்தேகம். மழையில் பைக் ஓட்டினால் தண்ணீர் போகுமா? அம்மா கேட்கும் தங்க நிறத்துக்கு என்ன சொல்ல? பின்மூடியில் கல்யாணத் தேதியைப் பொறிக்கலாமா?

தெப்பக்குளம் வாட்ச்காரர், திருச்சி

முதலில் கோவை வாசகிக்கு. தாத்தாவின் ஜனதாவை விட்டுவிடாதீர்கள். பெங்களூரில் சிட்டிசன் கூட்டுறவோடு 1961இல் எச்எம்டி வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது, அந்த மெஷின்களின் உறுதிக்கு இன்றும் என் மேஜையே சாட்சி. சாவி கொடுக்கும்போது கையிலிருந்து கழற்றிக்கொள்ளுங்கள். கட்டியபடியே திருகினால் தண்டு ஒரு பக்கமாக அழுந்தித் தேயும். இறுகியதும் நிறுத்திவிடுங்கள். ஆனால் இணையத்தில் நீங்கள் பார்க்கும் பல நிற டயல்களில் பெரும்பாலானவை பழைய டயலைச் சுரண்டி மறுபடி அச்சடித்தவை. உள்ளே நான்கு வாட்ச்களின் பாகம் கலந்திருக்கும். எச்எம்டி வாட்ச் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டதால், இப்போது பாகம் வேண்டுமென்றால் இன்னொரு பழைய வாட்ச்சைத்தான் பிரிக்க வேண்டும். ஒரு வீட்டிலேயே இருந்து வந்த எச்எம்டி என்றால் மகிழ்ச்சியோடு கட்டலாம். மாப்பிள்ளைக்குக் கொடுக்க, யார் பிரித்தார்கள் என்றே தெரியாத ஒன்றை வாங்க வேண்டாம்.

தம்பி, மழைக்கு வருகிறேன். 30 மீட்டர் என்று எழுதியிருந்தால் முப்பது மீட்டர் ஆழம் போகலாம் என்று பொருளல்ல. கை கழுவும்போது தெறிப்பதைத் தாங்கும், அவ்வளவுதான். மழை, வியர்வை, பைக் எல்லாவற்றுக்கும் 100 மீட்டர் உள்ளதாக எடுங்கள். எத்தனை மீட்டர் என்றாலும் வெந்நீர்க் குளியலுக்கு முன் கழற்ற வேண்டும், சூடும் சோப்பும் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட்டை அரிக்கும். கண்ணாடிக்குள் பனி படிந்தால் வெயிலில் வைப்பது, அரிசிக்குள் புதைப்பது எல்லாம் வேண்டாம். அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய்த் திறந்து உலர்த்த வேண்டும். துரு முதலில் பிடிப்பது சாவித் தண்டில். இரண்டு மூன்று நாள் விட்டாலே அது செம்மண் நிறமாகிவிடும், அங்கிருந்து உள்ளே பரவும்.

தங்க நிறம் பற்றி அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். இந்த விலையில் வருவது மைக்ரான் கணக்கில் ஏற்றிய பூச்சு. சட்டைக் கை உரசும் ஓரங்களிலும் ஸ்ட்ராப் சேரும் காதுகளிலும் முதலில் போகும். நம் ஊர் வியர்வைக்குச் சீக்கிரமே போகும். ஸ்டீலில் விழுந்த கீறலைப் பாலிஷ் போட்டு எடுக்கலாம், பூச்சு போனால் போனதுதான். உடம்பு முழுக்க ஸ்டீல், டயல் சந்தன நிறம், முள்ளும் எண்களும் தங்க நிறம் என்று எடுத்தால் அம்மாவுக்கும் மனம் நிறையும், வாட்ச்சும் நிலைக்கும். டயலுக்குள் இருக்கிற தங்க நிறத்தை எதுவும் உரசப் போவதில்லை.

ஸ்ட்ராப் ஸ்டீல் சங்கிலியாகவே இருக்கட்டும், தோல் நம் வெயிலுக்குத் தாங்காது. கேஸோடு ஒட்டிப் பிறந்ததுபோல் வரும் சங்கிலியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது அறுந்தால் வேறு எதுவும் பொருந்தாது. 20 அல்லது 22 மில்லிமீட்டர் அகலம் என்றால் எந்த ஊரிலும் மாற்றுக் கிடைக்கும். மாப்பிள்ளை கைக்கு அளவு பார்த்துக் கழற்றும் கண்ணிகளைக் கடையிலேயே விட்டுவிடாமல் பெட்டியில் போட்டு, பில்லோடும் வாரண்டி அட்டையோடும் தங்கை கையில் கொடுங்கள். சில மாதத்துக்கு ஒரு முறை சங்கிலியை மட்டும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கி வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கண்ணிகளுக்கு நடுவே சேரும் வியர்வை அழுக்குத்தான் ஸ்பிரிங் பின்னை அரித்து, ஒரு நாள் பைக்கில் போகும்போது வாட்ச்சைக் கீழே விழவைக்கும்.

தேதி மாற்றுவதைப் பற்றியும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை நான்கு வரை தேதியைத் திருகக் கூடாது. அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தோடு பல் கோத்திருக்கும், வலிந்து திருப்பினால் ஒடியும். முள்ளைக் காலை ஆறு மணிக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு தேதி வைப்பது பாதுகாப்பு.

கல்யாணத் தேதியைத் தாராளமாகப் பொறிக்கலாம். சீகோ 5 வகையில் பின்மூடி பெரும்பாலும் கண்ணாடி பதித்து வருகிறது, அதனால் ஓரத்து ஸ்டீல் வளையத்தில்தான் இடம் இருக்கும். முழு ஸ்டீல் மூடி உள்ள மாடல் கிடைத்தால் வேலை இன்னும் சுலபம். வாட்ச்சை அப்படியே பொறிப்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அதிர்வும் தூளும் மெஷினுக்கு ஆகாது. வாட்ச்காரரிடம் மூடியை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டு போங்கள், மெஷின் அவரிடமே தூசி படாமல் மூடியிருக்கட்டும். ஆழமாக வெட்ட வேண்டாம், லேசர் என்றால் நல்லது. திரும்ப மூடும்போது கேஸ்கெட்டில் சிலிக்கான் கிரீஸ் தடவி, தண்ணீர் அழுத்தச் சோதனையும் செய்து தரச் சொல்லுங்கள். மூடியைத் திறந்தால் வாரண்டி போகுமா என்று விற்பவரிடம் முன்பே கேட்டு, போகும் என்றால் அவர்கள் சர்வீஸ் மையத்திலேயே கழற்றித் தரச் சொல்லுங்கள். தை நெருக்கத்தில் பொறிப்பவர்களுக்கு வேலை குவிந்துவிடும், கார்த்திகைக்குள் வாட்ச்சை வாங்கிவிடுங்கள்.