காப்பிக்குள் பட்டுப்போன மரம்: வெட்டலாமா?

கேள்வி: வால்பாறைப் பக்கம் எங்களுக்கு நான்கு ஏக்கர் காப்பி. நடுவில் பட்டுப்போன பலா மரம் ஒன்று. இரண்டு ஆள் உயரத்தில் கோழிமுட்டை நுழையும் அளவுக்கு வட்டமான ஓட்டை, அடியில் புது மரத்தூள். வெட்டிவிட்டு சில்வர் ஓக் வைக்கலாம் என்கிறார் அண்ணன். எனக்கு மனசு வரவில்லை.

பதில் 1: வெட்டவே வேண்டாம். புதுத் தூள் என்றால் குக்குறுவான் என்ற பச்சைப் பறவையோ மரங்கொத்தியோ இப்போதுதான் குடைகிறது. அது போன பிறகு அதே பொந்தில் மைனா, கிளி வந்து குடியேறும். நடைபாதைப் பக்கம் சாய்ந்திருந்தால் கிளைகளை மட்டும் கழித்துவிட்டு அடிமரத்தை விடுங்கள். அதையும் குஞ்சுகள் பறந்த பிறகு செய்யுங்கள்.

பதில் 2: சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். மிளகுக்கொடி ஏற்ற நல்லதுதான், ஆனால் பறவை தின்னப் பழம் ஏது? நிழலுக்கு அத்திவகை மரமான இச்சி, அல்லது நாவல் வையுங்கள். பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவைக்கு அத்திவகைப் பழங்கள்தான் உயிர். அதற்குப் பொந்து குடையவும் தெரியாது. பெரிய கிழட்டு மரத்தில் இயற்கையாக விழுந்த பொந்து வேண்டும். பெட்டை உள்ளே அடைந்து வாசலைப் பூசிக்கொள்ளும், சேவல் கீறல் வழியாகப் பழம் ஊட்டும்.

கேட்டவர்: காலையில் அண்ணனைக் கூட்டிப்போய்த் தூளைக் காட்டினேன். ஓட்டைக்குள்ளிருந்து பச்சைத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. சரி, நிற்கட்டும் என்றார். இச்சி நாற்று எங்கே கிடைக்கும்?