கிரியாட்டினின் சரி, சிறுநீரில் ஆல்புமின் மட்டும் ஏன் கசிகிறது?

வைகைக்கரையான்:
வயது 42, உயரம் 168 செ.மீ., எடை 96 கிலோ. இவ்வாண்டுப் பரிசோதனையில் எனக்கு இரத்தக் கொழுப்பு அளவுகளான ட்ரைகிளிசரைடு 310, எல்.டி.எல். 162 என வந்துள்ளன. சர்க்கரை நோய் இல்லை, இரத்த அழுத்தம் 138/88, சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியாட்டினின் 0.9 தான். ஆனால் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் 140 என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. மூன்று வாரம் கழித்துக் கொடுத்தபோதும் 130க்குக் குறையவில்லை. எடையைக் குறைக்கச் சொன்ன மருத்துவர், கொழுப்புக்கு ஒன்றும் அழுத்தத்துக்கு ஒன்றுமாக இரண்டு மாத்திரைகள் எழுதினார். கொழுப்பு படிந்தால் மாரடைப்பு வரும் என்பது தெரியும். தொப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு என்பதுதான் விளங்கவில்லை.

வடிகட்டி:
சிறுநீரகப் பிரிவில் பணிபுரிபவன் என்பதால் சொல்கிறேன். ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டும் அலகுகள், உள்ளன; பிறந்த பின் அவை புதிதாக உருவாவதில்லை. 65 கிலோ உடலுக்கு உழைத்த அதே எண்ணிக்கைதான் 96 கிலோவுக்கும் உழைக்கிறது. இரத்தத்தை உள்ளே கொண்டுவரும் நுண்குழாய் விரிய, கொழுப்புத் திசுவும் பங்களித்துப் பெருகும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் வெளியேறும் குழாயை இறுக்க, நடுவில் இரத்தத்தை வடிகட்டும் குழாய் முடிச்சான வடிமுடிச்சில் அழுத்தம் ஏறி அது பருத்துவிடுகிறது. அதன் மீது விரல்களைப் போலப் பின்னிக் கிடக்கும் போடோசைட் செல்களோ பெருகத் தெரியாதவை. ஓரளவுக்கு மேல் இழுபட்டால் பிடி நழுவி உதிர்கின்றன. அந்த இடைவெளியில்தான் ஆல்புமின் கசிகிறது. பிறகு அங்கே தழும்பு விழுகிறது. 30க்குக் கீழே இருக்க வேண்டியது உங்களுக்கு 140 என்றால், வேறு காரணம் ஏதும் இல்லை என்று உறுதியாகும் பட்சத்தில், இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கிரியாட்டினினை நம்பி இருந்துவிடாதீர்கள். மிஞ்சிய நெஃப்ரான்கள் சுமையை ஏற்றுக்கொள்வதால், ஏறக்குறைய பாதித் திறன் போகும்வரை அது வாய் திறக்காது. ஆறுதலான செய்தி, மிகுந்த உடற்பருமனோடு புரதம் இழந்தவர்களைப் பற்றி 1974இல் வெளியான மருத்துவக் குறிப்பிலேயே, எடை குறைந்தபோது கசிவும் குறைந்தது பதிவாகியுள்ளது.

கரிசல்மண்:
இரத்தக் கொழுப்பைப் பற்றி ஒரு விளக்கம். கொழுப்பே சிறுநீரகத்தைச் சிதைக்கிறது என்ற கருதுகோளை 1982இல் மூர்ஹெட் என்ற மருத்துவரின் குழுவினர் முன்வைத்தனர். கசியும் ஆல்புமினோடு ஒட்டிவரும் கொழுப்பு அமிலங்கள், சிறுநீர் ஓடும் நுண்குழல்களின் செல்களில் புகுந்து அழற்சியை உண்டாக்குவது உண்மைதான். ஆனால் 9,000க்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகளிடம் நடந்து 2011இல் வெளியான ஷார்ப் ஆய்வில், கொழுப்பு மாத்திரைகளால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 17 சதவீதம் குறைந்தனவே தவிர, டயாலிசிஸ் தள்ளிப்போகவில்லை. ஆகவே அந்த மாத்திரை உங்கள் இதயத்துக்கு, விட்டுவிட வேண்டாம். சிறுநீரகத்துக்கு நேரடியாக உதவக்கூடியது அழுத்தத்துக்கு எழுதிய மற்றொன்று. அதன் பெயர் ‘சார்டான்’ என்றோ ‘பிரில்’ என்றோ முடிகிறதா என்று பாருங்கள். இவ்வகை மருந்துகள் வெளியேறும் குழாயைத் தளர்த்தி, வடிமுடிச்சின் அழுத்தத்தை இறக்குகின்றன. எடை குறைக்கிறேன் என்று புரதப் பவுடரில் இறங்கிவிடாதீர்கள்; புரதம் மிகுந்தால் வடிமுடிச்சின் சுமையும் ஏறும்.

வைகைக்கரையான்:
டெல்மிசார்டான் என்று இருக்கிறது. 138 ஒன்றும் பெரிய அழுத்தம் இல்லையே என்று அந்த அட்டையை மட்டும் பிரிக்காமலே வைத்திருந்தேன். இன்றிரவு தொடங்கலாமா?

வடிகட்டி:
இத்தனை நாள் எடுக்கவில்லை என்பதை முதலில் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். தொடங்கிய ஓரிரு வாரத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் சற்றே ஏறினால் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், உள்ளழுத்தம் இறங்கும்போது அப்படி ஆவதுண்டு.