வயிறு சட்டென்று கெட்டுப்போகும் பூனைக்கு ஈர உணவு: லேபிளில் எதைப் பார்த்து வாங்குவது?

அணில்வால் கேட்டது:

பூனைக்கு 4 வயசு, எடை 4 கிலோ, கருத்தடை ஆனது, வீட்டுக்குள்ளேயே இருக்கும். டிரை ஃபுட் மட்டும் கொடுத்தால் வயிறு நன்றாக இருக்கிறது. கிரேவி பவுச் சேர்த்தால் சில சமயம் சாப்பிட்ட உடனே வாந்தி, சில சமயம் மறுநாள் மலம் இளகிப் போகிறது. தண்ணீர் ரொம்பக் குறைவாகக் குடிப்பதால் ஈர உணவை நிறுத்தவும் மனசு வரவில்லை. 'சென்சிட்டிவ்' என்று போட்டிருந்த இரண்டு பிராண்டுகளில் ஒன்று பரவாயில்லை, இன்னொன்று மோசம். குடற்புழு மாத்திரை கொடுத்தாகிவிட்டது, எடையும் குறையவில்லை. எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? கிரேவியா, பேட்டேயா (கூழாக அரைத்த வகை)? எவ்வளவு வேகத்தில் மாற்றலாம்?

கருவிழி பதில்:

முன்பக்கத்தில் 'சென்சிட்டிவ்' என்று போடுவதற்குக் கறாரான இலக்கணம் எதுவும் கிடையாது. அந்த வார்த்தையை விட்டுவிட்டு டப்பாவைத் திருப்புங்கள்.

முதலில் அது முழு உணவா என்று பாருங்கள். 'கம்ப்ளீட்' என்று இருக்க வேண்டும். 'காம்ப்ளிமென்டரி' அல்லது 'சப்ளிமென்டல்' என்று இருந்தால் அது தொட்டுக்கொள்ள மட்டும்தான், தினசரிச் சாப்பாடு ஆகாது. சாறில் மிதக்கும் மீன் துண்டு, கோழித் துண்டு டின்களில் பல இந்த வகை. பார்க்கச் சுத்தமான இறைச்சியாக இருப்பதால் வயிற்றுக்கு நல்லது என்று நம்பி மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள். டாரின் (பூனைக்குக் கட்டாயம் தேவைப்படும் அமினோ அமிலம்), கால்சியம், வைட்டமின்கள் சேர்க்காத உணவு அது. டாரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை தளரும் என்பது 1987-இலேயே உறுதியானது. கண்ணின் விழித்திரையும் கெடும்.

அடுத்து, இறைச்சியின் பெயர். 'மீட் அண்ட் அனிமல் டெரிவேடிவ்ஸ்' என்று பொதுவாக எழுதியிருந்தால் எந்த விலங்கு, எந்த உறுப்பு என்று தெரியாது, ஒரு தயாரிப்புக்கும் அடுத்ததற்கும் மாறவும் செய்யலாம். ஒரே பவுச் ஒரு மாதம் ஒத்துக்கொண்டு அடுத்த மாதம் ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு இது ஒரு காரணம். முன்னால் 'டூனா' என்று கொட்டை எழுத்தில் இருக்கும், உள்ளே பாதிக்கு மேல் கோழியாக இருக்கும். பூனைகளில் உணவு ஒவ்வாமையை அதிகம் கிளப்புவது மாட்டிறைச்சி, மீன், கோழி. இந்த மூன்றும் கலந்த டப்பாவைக் கொடுத்தால் எது பிடிக்கவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒரே ஒரு விலங்கின் பெயர் மட்டும் இருப்பதைத் தேடுங்கள்.

கிரேவியா பேட்டேயா என்றால், உங்கள் நிலையில் பேட்டே. கிரேவி கெட்டியாக இருக்க மாவுச்சத்தும் கோதுமை குளூட்டனும் சேர்ப்பார்கள். குவார் கம், கராஜீனன், காசியா கம் போன்ற பிசின்கள் பேட்டேயிலும் உண்டு. எல்லாப் பூனைக்கும் இவை தொந்தரவு தருவதில்லை, ஆனால் சிலவற்றுக்கு மலம் இளகுவது இவற்றால்தான். உங்களுக்கு ஒத்துக்கொண்ட பிராண்டையும் ஒத்துக்கொள்ளாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மோசமானதில் மட்டும் இருக்கும் பொருள்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் நல்ல துப்பு அதுதான்.

சதவீதத்தை நேரடியாக ஒப்பிடாதீர்கள். ஈரம் 80, புரதம் 10 என்று இருந்தால் காய்ந்த பொருள் 20 மட்டுமே. 10-ஐ 20-ஆல் வகுத்தால் 50 சதவீதம் புரதம். ஈரம் 10, புரதம் 30 உள்ள டிரை ஃபுட்டில் அதே கணக்கு 33 சதவீதம்தான் வரும். மாவுச்சத்தைப் பெரும்பாலும் போட மாட்டார்கள்: 100-இலிருந்து ஈரம், புரதம், கொழுப்பு, சாம்பல் (தாதுக்கள்), நார் ஐந்தையும் கழித்தால் மிச்சம் அதுதான். கொழுப்பைப் பார்த்து ரொம்பப் பயப்பட வேண்டாம். நாய்க்குச் சொல்லும் 'கொழுப்பைக் குறை' என்ற யோசனை பூனைக்கு அப்படியே பொருந்தாது.

மழைத்தூறல் பதில்:

கருவிழி சொன்னதோடு அளவையும் கவனிங்க. நிறைய வீட்டில் டிரை ஃபுட்டைக் குறைக்காமல் அதுக்கு மேலே பவுச் கொடுக்கிறாங்க. வயிற்றுக்குத் தாங்காமல் மலம் இளகினால் பழி பவுச் மேலே விழுது. 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 முதல் 240 கிலோ கலோரி போதும். 100 கிராமுக்கு 80 கிலோ கலோரி உள்ள 85 கிராம் பவுச்சில் 68 வரும். அப்படின்னா ஒரு பவுச் கொடுக்கிற நாளில் டிரை ஃபுட் சுமார் 36 முதல் 46 கிராம்தான் (100 கிராமுக்கு 370 என்று வைத்தால்). கண்ணளவு வேண்டாம், தராசு வைங்க.

மாற்றுவதுக்கு வழக்கமா 7 நாள் சொல்வாங்க. உங்க பூனைக்கு 12 நாள் எடுத்துக்கோங்க. முதல் 3 நாள் வேளைக்கு ஒரு டீஸ்பூன், இரண்டு வேளை. அடுத்த 3 நாள் மொத்த கலோரியில் கால் பங்கு, பிறகு 3 நாள் பாதி, அப்புறம் நீங்க நினைச்ச அளவு. நடுவில் மலம் இளகினால் முந்தின படிக்கு இறங்கி 3 நாள் நில்லுங்க. அந்தச் சமயத்தில் வேற பிராண்டுக்குத் தாவக் கூடாது. புது ஸ்நாக்ஸ், பேஸ்ட், பால் எதுவும் கூடவே கூடாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும்.

சாப்பிட்ட உடனே வருகிற வாந்தியை உற்றுப் பாருங்க. மெல்லாத துண்டுகள் குழாய் வடிவில் வந்தால், வயிறு குலுங்காமல் சும்மா வெளியே வந்தால், பெரும்பாலும் அவசரமா விழுங்கினதுதான். கிண்ணத்தை எடுத்துட்டுத் தட்டையான தட்டில் மெல்லிசாப் பரப்பி, நாளைக்கு 4 அல்லது 5 வேளையாகப் பிரிச்சுக் கொடுங்க. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஜில் உணவும் சில பூனைக்கு உடனே திரும்பி வரும். பவுச்சை மூடின மேனிக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிஷம் வைங்க. மைக்ரோவேவில் வைத்தால் சூடு ஒரே சீராக இருக்காது, நல்லாக் கலக்கி விரலால் தொட்டுப் பார்க்கணும்.

திறந்த டப்பாவை மூடி 4 டிகிரிக்குள் வைத்து 2 நாளில் முடிங்க. தட்டில் மிஞ்சினதை ஒரு மணி நேரத்தில் எடுத்துடுங்க, வெயில் காலத்தில் அதுக்கும் முன்னாடி. உப்பின டப்பா, ஓரம் நசுங்கின டப்பா, திறந்ததும் பீய்ச்சி அடிக்கிற டப்பா எதையும் மோந்துகூடப் பார்க்காமல் குப்பையில் போடுங்க.

அணில்வால்:

ரொம்ப நன்றி. இரண்டு பவுச்சையும் ஒப்பிட்டேன். மோசமானதில் கோதுமை குளூட்டன், குவார் கம், மீன் மூன்றும் கூடுதலாக இருக்கின்றன. வயிறு கெட்ட நாளில் ஒரு வேளை பட்டினி போடலாமா? வேகவைத்த கோழி கொடுக்கலாமா?

கருவிழி பதில்:

பட்டினி வேண்டாம். பூனை சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேரும். குண்டான பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரு முழு நாள் எதுவும் தொடாவிட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும்.

தோல், எலும்பு நீக்கி வெறும் தண்ணீரில் வேகவைத்த கோழியை 2 நாள் கொடுக்கலாம், சிறு சிறு அளவாக. அதற்கு மேல் நீட்டக் கூடாது, கால்சியம் இல்லாத இறைச்சி எலும்பைக் கரைக்கும். வெங்காயம், பூண்டு துளியும் கூடாது, பொடியாகக்கூட. சூப் க்யூபிலும் குழந்தை உணவிலும் அது ஒளிந்திருக்கும், பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். ஆனால் கோழியே ஒவ்வாமைப் பொருளாக இருந்தால் இந்த வைத்தியமே பேதியை நீட்டும், அதையும் மனதில் வையுங்கள்.

வெண்கால் பதில்:

ஒன்றைச் சேர்க்க வேண்டும். வழக்கமான குடற்புழு மாத்திரை ஜியார்டியா, டிரைட்ரைகோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் குடல் ஒட்டுண்ணிகளை ஒழிக்காது. மலப் பரிசோதனை செய்யாமல் 'பூச்சி இல்லை' என்று முடிவு கட்டாதீர்கள்.

ஒற்றை இறைச்சிப் பேட்டேக்கு மாறியும் தொந்தரவு 3 வாரம் தாண்டினால் கடையில் தேடுவதை நிறுத்திவிட்டு மருத்துவர் சொல்லும் ஹைட்ரோலைஸ்டு உணவுக்குப் போங்கள். அதில் புரதத்தைச் சிறு துணுக்குகளாக உடைத்திருப்பார்கள், உடலின் எதிர்ப்புச் சக்தி அதை எளிதில் அடையாளம் காணாது. வயிற்றுக் கோளாறு உணவால்தான் என்றால் 2 முதல் 4 வாரத்தில் தெளிவு தெரியும். அந்த நாள்களில் வேறு எதுவும் வாயில் படக் கூடாது, சுவை சேர்த்த மாத்திரைகூட. சரியானதும் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால்தான் காரணம் உறுதியாகும்.

மனிதர்களின் மருந்தைத் தொடவே வேண்டாம். பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும். பிஸ்மத் சப்சாலிசிலேட் உள்ள வயிற்று மருந்தும் ஆபத்து. ஒரே நாளில் பல முறை வாந்தி, தார் போலக் கருத்த மலம், சோர்ந்து ஒளிந்துகொள்வது, எடை இறங்குவது இவற்றில் ஒன்று இருந்தாலும் உணவுச் சோதனையை ஓரம் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். போகும்போது அன்று போன மலத்தைச் சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பவுச்சின் பின்பக்கத்தையும் படம் எடுத்து வைத்திருங்கள். நாள்பட்ட கேஸ் என்றால் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது குறைந்திருந்தால் எந்த உணவை மாற்றினாலும் குடல் முழுதாகத் தேறாது.