மலைச்சாலை நடை, உள்ளரங்கில் பேட்மின்டன், ஜிம்: பெண்களுக்கு ஒரே ஜோடி ஷூ போதுமா?

கேள்வி: கோத்தகிரி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரியில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன்; வயது 36. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலையில் எங்கள் எஸ்டேட் சாலையில் நான்கு கிலோமீட்டர் நடக்கிறேன். செவ்வாய், வெள்ளி மாலைகளில் மரத்தளம் போட்ட உள்ளரங்கில் பேட்மின்டன் ஆடுகிறேன்; சனிக்கிழமை ஜிம்மில் எடைப் பயிற்சி செய்கிறேன். இரண்டு ஆண்டுகளாக இவை எல்லாவற்றுக்கும் ஒரே ஜோடி ரன்னிங் ஷூவைத்தான் அணிந்து வருகிறேன். கடையில் போட்டுப் பார்த்தபோது மெத்தையின் மேல் நிற்பதுபோல் இருந்ததால் அதை வாங்கினேன்.

சென்ற மாதம் வலையோரம் விழுந்த இறகுப்பந்தை எடுக்கப் பக்கவாட்டில் பாய்ந்தபோது இடது கணுக்கால் பிசகி, இரண்டு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு வகுப்பெடுக்க வேண்டியதாயிற்று. அது போதாதென்று, இறக்கத்தில் நடந்து நடந்து வலது கால் பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. மூன்று வேலைக்கும் மூன்று ஜோடி வாங்க என்னால் இயலாது. பெண்களுக்கென்று விற்கும் ஷூவில் நிறத்தைத் தவிர உண்மையில் ஏதாவது வேறுபாடு உண்டா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: குன்னூர் உடற்கல்வி ஆசிரியர்

வணக்கம் டீச்சர். உங்கள் கால் பிசகியதற்கு உங்கள் ஆட்டத்தைவிட அந்த மெத்தைதான் காரணமாக இருந்திருக்கும். ரன்னிங் ஷூ முன்னோக்கிச் செல்லும் காலுக்காகச் செய்யப்படுவது. குதிகால் தரையில் மோதும் அதிர்வைத் தாங்குவதற்காக அதன் குதிகால் பகுதியைத் தடிமனான, மென்மையான நுரையால் உயர்த்தியிருப்பார்கள். பல ஷூக்களில் குதிகால் முன்பாதத்தைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் உயரமாக இருக்கும். அந்த உயரத்தில் நின்றுகொண்டு பக்கவாட்டில் பாய்ந்தால், ஷூவின் விளிம்பிலுள்ள நுரை அமுங்க, அதோடு சேர்ந்து கணுக்காலும் மடிகிறது. பேட்மின்டன் ஷூ தரையோடு தாழ்ந்திருக்கும். அதன் வெளிப்பக்கச் சுவர் உறுதியாக இருக்கும். மரத்தளத்தைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர், தளத்தில் கறை விடாத வகையில், அடியில் இருக்கும்.

கடையில் ஒரு கையால் குதிகாலையும் மறு கையால் முன்பகுதியையும் பிடித்துக்கொண்டு, ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். நடுப்பகுதி சுலபமாக முறுகினால் அதை அரங்கத்துக்கு எடுக்க வேண்டாம். வாங்கிய பிறகு அதை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வராதீர்கள். சாலைத் தூசி ஒட்டினால் பிடிப்பு போய்விடும் என்பதால், என் மாணவிகள் எல்லாரும் ஒரு துணிப்பையில் எடுத்துவந்து அரங்க வாசலில்தான் மாற்றிக்கொள்வார்கள்.

ஜிம்முக்கும் இதே ஜோடி போதும். எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும்போது காலடியில் தட்டையான, அமுங்காத தளம் இருந்தால்தான் உடல் ஆடாமல் நிற்கும். ஆகவே உங்களுக்கு இரண்டு ஜோடி போதும், மூன்று வேண்டாம்.

பதில் 2: ஊட்டி ஓட்டக்காரி

சகோதரி, நகம் கறுத்ததைப் பற்றி நான் எழுதுகிறேன். ஏனெனில் ஊட்டி–கோத்தகிரி சாலையிலிருந்து பிரிந்து 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்கு ஏறி இறங்கும் பழக்கத்தில் நானும் இரண்டு நகங்களை இழந்தவள். சமவெளிக்காரர்கள் சொல்லும் அளவு நமக்குப் பொருந்தாது. ஒவ்வொரு இறக்கத்திலும் கால் ஷூவுக்குள் முன்னோக்கி வழுக்கி, விரல்நுனி சுவரில் முட்டிக்கொண்டே இருக்கும். எனவே மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், நடக்கும்போது போடும் அதே சாக்ஸுடன் கடைக்குச் செல்லுங்கள். எழுந்து நின்ற நிலையில், மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் படிக்கட்டு இருந்தால் இரண்டு முறை இறங்கிப் பார்ப்பதும் நல்லது.

லேஸ் கட்டுவதிலும் ஒரு வழி உண்டு. ஷூவின் மேற்புறம், கணுக்காலை ஒட்டி, பெரும்பாலோர் பயன்படுத்தாமல் விட்டுவிடும் ஒரு துளை இரு பக்கமும் இருக்கும். லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல் அதே பக்கத்திலுள்ள அந்தத் துளைக்குள் விட்டு, இரு பக்கமும் ஒரு சிறு வளையம் உண்டாக்குங்கள். பிறகு வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும் இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் பின்னால் பதிந்து நிற்கும், முன்னோக்கி வழுக்காது.

பெண்கள் ஷூவில் வேறுபாடு உண்டு. பொதுவாக நம் பாதம், அதே நீளமுள்ள ஆண் பாதத்தைவிடக் குதிகாலில் குறுகலாக இருக்கும். நல்ல நிறுவனங்கள் அதற்கெனத் தனி அச்சு (ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் பாத மாதிரி) வைத்திருக்கின்றன. சில நிறுவனங்கள் ஆண்கள் அச்சையே சிறிதாக்கி நிறம் மாற்றி விற்பதும் உண்டு. முன்பாதம் அகன்றவர்கள் தயங்காமல் ஆண்கள் ஷூவையே வாங்கலாம். இணையத்தில் வாங்கினால் எண்ணை நம்பாதீர்கள்: அமெரிக்கப் பெண்கள் அளவு, நம் கடைகளில் வழங்கும் பிரிட்டிஷ் அளவைவிட ஏறக்குறைய இரண்டு எண் கூடுதலாக இருக்கும். ஷூ நாக்கின் உட்புறச் சீட்டிலுள்ள சென்டிமீட்டர் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எஸ்டேட் சாலைக்கு, அடியில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் ரப்பர் முட்கள் கொண்ட, கரடுமுரடான பாதைக்கான ட்ரெயில் ஷூ ஏற்றது. அதைவிட ஆழமான முட்கள் சேற்றில் உதவும். நனைந்த தாரில் வழுக்கும்.

பதில் 3: கொடைக்கானல் அம்மா

நான் 1863-இல் வெட்டப்பட்ட எங்கள் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் தார்ச்சாலையில் தினமும் நடப்பவள். ஏறக்குறைய சமதரை என்பதால் எனக்குச் சாதாரண ரன்னிங் ஷூவே போதுகிறது. ஆனால் உங்கள் சரிவுக்கு ஊட்டிப் பெண் சொன்னதே சரி. எனக்குச் சொல்ல வேண்டியது ஈரத்தைப் பற்றி.

என் மகள் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த ஒரு நல்ல ஜோடியை, அழுக்காகிவிடுமே என்று நான்கு ஆண்டுகள் பீரோவில் பத்திரப்படுத்தினேன். ஒருநாள் அணிந்து புறப்பட்டேன். ஒரு மைல் போவதற்குள் அடிப்பாகம் பழைய கேக் போல உதிர்ந்து, கையில் தூக்கிக்கொண்டு திரும்பினேன். பாலியூரித்தேன் வகை நுரை, காற்றிலுள்ள ஈரத்தாலேயே சிதைந்துவிடுமாம். மழைக்காலம் இரண்டும் வந்துபோகும் நம் மலையில் அதைச் சேமித்து வைப்பதைவிட அணிந்து தேய்ப்பதே மேல். நனைந்த ஷூவை அடுப்பருகிலோ ஹீட்டர் முன்னாலோ வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். உள்தட்டை வெளியே எடுத்துவிட்டு, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினால் மறுநாள் காலைக்குள் பெரும்பாலும் உலர்ந்துவிடும்.

இன்னொன்று, டீச்சர். நீங்கள் நடக்கும் கணக்கில் ஆண்டுக்கு 1,200 கிலோமீட்டர் ஆகிறது. ரன்னிங் ஷூவின் நுரை 500 முதல் 800 கிலோமீட்டர் வரைதான் தாங்கும் என்பார்கள். இரண்டு ஆண்டுகள் அணிந்த ஜோடியை, மேல்துணி கிழியவில்லை என்பதற்காக இனியும் வைத்திருக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய ஷூவை முறுக்கிப் பார்த்தேன், துணிபோலவே முறுகியது. குதிகாலின் வெளி விளிம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருப்பதும் இப்போதுதான் கண்ணில் பட்டது. கணுக்கால் இன்னும் முழுமையாகத் தேறவில்லை என்பதால் முதலில் நடைக்கான ஜோடியை வாங்குகிறேன். அரங்க ஷூவை அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கிக்கொள்கிறேன். அதுவரை ஆட்டத்துக்குப் போவதில்லை. சனிக்கிழமை மாலை, சாக்ஸைக் கைப்பையில் வைத்துக்கொண்டு குன்னூர்க் கடைக்குச் செல்கிறேன்.